வால்வு சீலுக்கு ஒரு சொட்டு

காலையில் பக்கத்து வீட்டுக் காரை ஸ்டார்ட் செய்தார்கள். ஜன்னல் வழியே கருகின ஆயில் வாசனை. எட்டிப் பார்த்தால் நீலப் புகை. ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டது. வால்வு சீல் போயிருக்கும். அந்த வாசனைக்கு என்னை நான் வேலை பார்த்த நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போகத் தெரியும்.

பழைய மாருதி 800. மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, ஆறு சீல். ஹெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்திருந்தோம். சீல் சுண்டுவிரல் நுனி அளவுதான். உள்ளே மெல்லிய ரப்பர் உதடு, அதைச் சுற்றி நூல் போல ஒரு ஸ்பிரிங். "ஆயில் தொட்டியா மக்கா?" ஒவ்வொரு வால்வுக்கும் மெக்கானிக் அண்ணாச்சி கேட்பார். ஆயிலைத் தடுக்கத்தானே சீல், அதற்கே ஏன் ஆயில் என்று எனக்குக் குழப்பம்.

ரப்பர் என்றாலே கீரிப்பாறைத் தோட்டங்கள்தான் எனக்கு. விடியலில் சிரட்டையில் பால் சொட்டும். அந்தப் பாலில் செய்த ரப்பர் எஞ்சின் ஆயிலில் கிடந்தால் ஊதிவிடும். ஆயிலைத் தாங்குவது ஆலையில் பிறக்கும் நைட்ரைல். கூடுதல் சூட்டுக்கு வைட்டான். எங்கள் மலை ரப்பருக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்த நாளில் வருத்தமாகவே இருந்தது.

ஆயிலைத் தாங்குகிற ரப்பரும் ஆயில் இல்லாமல் பிழைக்காது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை ஏறி இறங்குகிறது. சீல் ஆயிலை முழுக்க அடைப்பதில்லை, மெல்லிய படலத்தை விட்டுவைக்கிறது. அதுவும் இல்லையென்றால் உதடும் தேயும், வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடும் தேயும். புதுச் சீலுக்கு அந்த முதல் படலத்தை நம் கைதான் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு அவசரம். கடைசி வால்வை உலர்வாகவே தள்ளிவிட்டேன். வால்வுத் தண்டில் லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உதட்டைக் கீறியது கண்ணில் படவில்லை. பத்து நாளில் வண்டி புகையோடு திரும்பி வந்தது. ராத்திரி முழுக்கக் கைடு வழியாக இறங்கின ஆயில், காலையில் எரிந்திருக்கிறது. திரும்பவும் ஹெட்டைக் கழற்றினோம். அண்ணாச்சி திட்டவில்லை. கீறின சீலை என் உள்ளங்கையில் வைத்தார், ஆயில் கேனை நீட்டினார்.

உங்கள் வண்டியும் காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை விட்டால், பிஸ்டன் ரிங் போச்சு என்று உடனே எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். முதலில் வால்வு சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டும்போது பக்கத்தில் நின்று, ஆயில் தொட்டாரா என்று கேளுங்கள்.