குறைந்த பெட்ரோலும் வளர்ந்த ஐயமும்

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய எங்கள் கார், சென்ற மழைக்காலத்தில் 13-ஆகக் குறைந்தது. தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டோம். மும்முறையும் அதே விடை. வண்டியை ஓட்டுபவன் இருபத்திரண்டு வயது இளைஞன். அவனை நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; ஆயினும் சாவியைக் கொடுக்குமுன் பெட்ரோல் முள்ளைப் பார்க்கத் தொடங்கினோம். அவன் அதைக் கவனித்தான்.

டயர்களில் காற்றுச் சரியாகவே இருந்தது. ஓடி நின்றதும் சக்கரங்களின் அருகே கைவைத்துப் பார்த்தோம். பிரேக் பிடித்துக்கொண்டதற்கான சூடு எதிலும் இல்லை. இறுதியில் குறையைக் கண்டவன் அவனே.

"மதுரை வரை ஓடியும் சூடு காட்டும் முள் ஏறவில்லை, ஐயா" என்றான்.

கோடையில் எஞ்சின் கொதித்தபோது, "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எஞ்சின் உரிய சூட்டை அடையும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது அவ்வால்வு. அஃது இல்லையேல் எஞ்சின் போதிய சூடேறாது. கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியோ, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறதென்று எண்ணிப் பெட்ரோலை மிகுதியாக ஊட்டும். பழைய வண்டிகளில் சோக்கை இழுத்துவிட்டு மறந்ததை ஒக்கும்!

புதியது பொருத்தியபின் கணக்கு பதினாறைத் தொட்டது. அவனிடம் வருத்தம் தெரிவிக்க நா எழவில்லை. மறுநாள் முள்ளைப் பாராமலே சாவியை நீட்டினோம்.

"அரைத் தொட்டி இருக்கிறது, ஐயா" என்றான் அவன், நாங்கள் கேளாமலே.