காடி வாடகைக்கு எடுக்கிறவங்க ஒரு நிமிசம் படிங்க

ஓம் சரவணபவ.

தைப்பூசத்துக்கு இந்தத் தடவையும் பினாங்கு தண்ணீர்மலையில் தண்ணீர்ப் பந்தல் சேவைக்குப் போறோம். காடி வாடகை பற்றி நிறைய பேர் தனியா கேட்டீங்க. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடுறேன். எனக்கு நடந்த சங்கடமும் இதில் இருக்கு, மறைக்க விரும்பல.

2025 பூசத்துக்கு கிள்ளானிலிருந்து ஏழு பேர் போனோம். மூன்று நாளைக்கு ஏழு பேர் உட்காரும் காடி, வாடகை 600 வெள்ளி. கிரெடிட் கார்டில் கட்டினா பத்து விழுக்காடு கழிவு. 60 வெள்ளி மிச்சம் பண்ணிட்டேன்னு எனக்கு ஒரே பெருமை.

கவுண்டரில் இருந்த பொண்ணு, "அங்கிள், ஒரு நாளைக்கு 25 வெள்ளி கூடக் கட்டினா, காடிக்கு ஏதாவது ஆனா உங்க கைக்காசு போகாது"ன்னு சொன்னாங்க. "வேண்டாம்மா, என் கார்டிலேயே பயண இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு கையெழுத்து போட்டுட்டேன். பேக்டரியில் பசங்ககிட்ட படிக்காம எதிலும் கையெழுத்து போடாதீங்கன்னு தினமும் சொல்றவன் நான்.

பூசத்தன்னைக்கு விடிகாலை பந்தலிலிருந்து வந்து பார்த்தா, பின் பம்பர் நசுங்கி, விளக்கு உடைஞ்சு கிடக்கு. யார் இடிச்சாங்கன்னு தெரியல. போலீஸ் ரிப்போர்ட் செய்தோம். காடியைத் திருப்பிக் கொடுத்தப்போ செலவு 1,640 வெள்ளின்னாங்க. ஒப்பந்தப்படி முதல் 2,000 வெள்ளி வரைக்கும் எடுத்தவர் பொறுப்பு. அதுக்குப் பேருதான் 'எக்சஸ்'.

பேங்குக்கு போன் போட்டேன். அந்த இன்சூரன்ஸ், கார்டில் டிக்கெட் வாங்கிப் போற பயணத்தில் ஆளுக்கு ஏதாவது ஆனா மட்டும்தானாம். வாடகைக் காடியின் சேதம் அதில் சேராது. கார்டோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்துச்சு. நான்தான் படிக்கல.

கூட வந்த தம்பி ஒருத்தர், "அண்ணே, கோயில் வேலைக்குத்தானே போனோம். பந்தல் வசூலில் மிச்சம் இருக்கே, அதில் எடுத்துக்கலாம்"னார். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிசம் மனசு ஆடிடுச்சு. அப்புறம் துப்புரவு வேலை செய்யும் ஒரு அம்மா பத்து வெள்ளி நோட்டை நாலா மடிச்சு என் கையில் வச்சது ஞாபகம் வந்துச்சு. பக்தர்கள் மோர் குடிக்கட்டும்னு கொடுத்த காசு அது. என் பம்பருக்கு இல்லை.

கூட வந்த ரெண்டு பேர் கைக்காசு நூறு நூறு கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். மிச்சத்தை நானே கட்டினேன். வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை சொல்லல. அவங்களுக்கு வாங்கித் தர்றதா சொன்ன தையல் மெசின் மட்டும் தள்ளிப் போச்சு.

அதனால இந்த முறை காடி எடுக்கிறவங்க கவனிங்க:

1. கார்டு கழிவு இருந்தா தாராளமா எடுத்துக்குங்க. ஆனா பில்லை முழுசா கட்டிடுங்க. வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரைக்கும் போகும், கழிவில் மிஞ்சினதை அது தின்னுடும்.

2. "வாடகைக் காடி சேதத்துக்கு என் கார்டில் பாதுகாப்பு உண்டா?" இதே வார்த்தையில் பேங்கில் கேளுங்க. பயண இன்சூரன்ஸ்னு சொன்னா போதாது. அமெரிக்காவில் இருந்து வரும் சொந்தக்காரங்க கார்டு சிலதில் இது இருக்கும். அதுக்கும் முழு வாடகையை அந்தக் கார்டில் கட்டணும், கம்பெனி தர்ற பாதுகாப்பை வேண்டாம்னு சொல்லணும். எந்த நாட்டில் செல்லும்னும் கேட்டுக்குங்க.

3. எக்சஸ் எவ்வளவு, டயரும் கண்ணாடியும் சேருமான்னு கேளுங்க. பல இடத்தில் சேராது.

4. ஓட்டப்போற எல்லார் பேரும் ஒப்பந்தத்தில் இருக்கணும். ராத்திரி தூக்கம் வந்து வேற ஆள் ஓட்டி ஏதாவது ஆனா, இன்சூரன்ஸ் கையை விரிச்சிடும்.

5. டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு கொடுத்தா உங்க சொந்தப் பணமே முடங்கும். திரும்பி வர நாளாகும்.

6. காடியை எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் சுத்தி வீடியோ எடுங்க. விபத்துன்னா 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட், அது சட்டம்.

7. தெரிஞ்சவர் காடி மலிவுன்னு எடுக்காதீங்க. 'செவா பாண்டு' லைசென்ஸ் இல்லாத காடியை வாடகைக்கு விட்டா இன்சூரன்ஸ் செல்லாமல் போகலாம். காடி போனா பரவாயில்லை, உள்ளே நம்ம ஆளுங்க இருக்காங்க.

இந்த வருசம் நான் அந்த 75 வெள்ளியைக் கட்டிட்டேன். வாகனச் செலவை ஏழு பேரும் தனியா பகிர்ந்துக்கிறோம். பந்தல் வசூலில் ஒரு காசு சேராது. கணக்கு ஆலயப் பலகையில் ஒட்டியிருக்கும், யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

பத்திரமா போய்ட்டு வருவோம். வேலும் மயிலும் துணை.