இரண்டு முறை மூடிய துறை

பிரேசிலிலும் கடலை மிட்டாய் உண்டு. வறுத்த வேர்க்கடலையை வெல்லப் பாகில் கிளறி, பலகையில் கொட்டி, ஆறியதும் துண்டு போடுகிறார்கள். வேர்க்கடலையே தென் அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்ததுதான் என்பதால் இதில் வியப்பில்லை. அந்த மிட்டாய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. 'பே ஜி மொலேக்கி' என்கிறார்கள். 'பொடியன் பாதம்' என்று பொருள். இதில் 'மொலேக்கி' என்பது போர்த்துக்கீசிய வேர் கொண்ட சொல் அல்ல. அங்கோலாவின் கிம்புந்து மொழியில் சிறுவனைக் குறிக்கும் சொல். கப்பலின் அடித்தட்டில் கட்டுண்டு வந்த மனிதர்களின் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்து, பிரேசில் முழுவதும் பரவிவிட்டது.

இதே பெயரில் ஒரு கல்தரையும் இருக்கிறது. கடலை மிட்டாயின் மேல்பக்கம் போல, சின்னதும் பெரிதுமான கற்களை ஒழுங்கில்லாமல் நெருக்கிப் பதித்த தரை. ரியோ டி ஜெனீரோ நகரின் பழைய துறைமுகப் பகுதியில், தெருமட்டத்துக்குக் கீழே திறந்து கிடக்கும் ஒரு பள்ளத்தில் அந்தத் தரையைப் பார்க்கலாம். சுற்றிலும் வண்டிகள் போகும் சாலை. பள்ளத்துக்குள் பொடியன் பாதம். வலோங்கோ துறை என்று பெயர். கடல் வழியாக இங்கே இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது.

இந்த எண்ணின் கனம் புரிய இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். அட்லாண்டிக் அடிமை வணிகம் நடந்த மூன்றரை நூற்றாண்டுகளில் இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கரைக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு வந்தவர்கள் சுமார் 48 லட்சம். அடிமை வணிகம் என்றதும் நமக்கு அமெரிக்கப் பருத்தித் தோட்டங்கள் மட்டுமே நினைவுக்கு வருவதற்கு நாம் படித்த நாவல்களும் பார்த்த படங்களும் காரணம். அந்தக் கொடுமையின் பெரும்பங்கு நடந்த இடம் பிரேசில். அதிலும் ரியோவின் இந்த ஒரு துறைமுகப் பேட்டையில் மட்டும் அமெரிக்காவுக்குப் போனவர்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இறங்கியிருக்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் கப்பலிலிருந்து இறங்கியவர்களை நகரத்தின் நடுத்தெருக்களிலேயே வைத்து விற்றார்கள். நோயும் இளைப்புமாக அரைகுறைத் துணியோடு நின்ற மனிதர்கள், போகிற வருகிற கனவான்களின் கண்ணை உறுத்தினார்கள். 1774இல் போர்த்துக்கல் மன்னரின் அரசப் பிரதிநிதியாக இருந்த லவ்ராதியோ பிரபு, சந்தையை நகருக்கு வெளியே வலோங்கோவுக்கு மாற்ற உத்தரவிட்டார். விற்பனை நிற்கவில்லை, கண்ணுக்கு மறைவாகப் போனது, அவ்வளவுதான். இந்த இடத்தின் கதையில் 'மறைத்தல்' முதலில் நுழைவது இங்கேதான்.

1808இல் நெப்போலியனின் படைக்குத் தப்பி, போர்த்துக்கல் அரச குடும்பமே கப்பலேறி ரியோவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு குடியேற்ற ஊர் திடீரென்று பேரரசின் தலைநகராகிவிட்டது. வீடு கட்ட, தண்ணீர் சுமக்க, பல்லக்குத் தூக்க ஆள் வேண்டும். உள்நாட்டில் காப்பித் தோட்டங்கள் விரிய ஆரம்பித்ததும் தேவை இன்னும் பல மடங்கானது. அதுவரை மணற்கரையில் படகு படகாக இறக்கிக்கொண்டிருந்தவர்கள், 1811இல் வலோங்கோவில் கல் பாவித் துறை கட்டினார்கள். பொடியன் பாதம் என்ற தரை அப்போது போட்டதுதான்.

வந்தவர்களில் பெரும்பாலோர் லுவாண்டா, பெங்கேலா, காபிந்தா ஆகிய காங்கோ - அங்கோலாத் துறைகளிலிருந்தும், பிற்காலத்தில் மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவர்கள். அங்கோலாவிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் பயணம். மொசாம்பிக்கிலிருந்து அதைப் போல் இரு மடங்கு. அவர்களில் சிறுவர்களும் இளவயதினரும் ஏராளம். இறங்கியவர்களை வலோங்கோ தெருவின் வீடுகளில் அடைத்தார்கள். அங்கே சில நாள் நன்றாகத் தீனி போட்டு உடம்பு தேற்றினால் விலை கூடும் என்பதால், அவற்றுக்கு 'கொழுக்க வைக்கும் வீடுகள்' என்றே பெயர் இருந்தது. சந்தைக்கு மாடு கொண்டுபோகும் பேச்சு அது. அந்தப் பேச்சை மனிதர்களுக்கு வைத்துக்கொண்டு ஒரு நகரம் வெட்கமில்லாமல் வாழ்ந்திருக்கிறது.

ஜான் பாப்டிஸ்ட் டெப்ரே என்ற பிரெஞ்சு ஓவியர் அந்தத் தெருவை வரைந்து வைத்திருக்கிறார். விசாலமான ஒரு கூடம். சுவரோரம் எலும்பெடுத்த உடம்புகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வியாபாரி நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வாங்க வந்தவர் ஒரு சிறுவனை எதிரில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டெப்ரே 1816இல் ரியோவுக்கு வந்த பிரெஞ்சுக் கலைக்குழுவைச் சேர்ந்தவர். அதே குழுவில் கிராண்ஷான் டி மொண்டிஞி என்ற கட்டடக் கலைஞரும் இருந்தார். இவர் பெயர் பின்னால் மறுபடி வரும்.

எல்லாரும் விற்கப்படும் வரை உயிரோடு இருக்கவில்லை. பயணத்தில் நொந்து, வந்து சேர்ந்த சில நாட்களுக்குள் இறந்தவர்களைப் போட ஒரு இடம் ஒதுக்கினார்கள். 'பிரேத்தோஸ் நோவோஸ்', அதாவது புதுக் கறுப்பர்களின் இடுகாடு. புதிதாக இறங்கியவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். குழியும் இல்லை, சடங்கும் இல்லை. ஆழமில்லாமல் போட்டு, இடம் போதாதபோது எரித்து, எலும்பை நொறுக்கி, அதன் மேலேயே ஊர்க் குப்பையையும் கொட்டினார்கள். 1830இல் இடுகாடு நின்றது. மேலே வீடுகள் எழுந்தன. 1996இல் பெத்ரோ எர்னெஸ்தோ தெருவில் ஒரு தம்பதி தங்கள் வீட்டைப் புதுப்பிக்கத் தரையைத் தோண்டினார்கள். மண்வெட்டியில் மனித எலும்புகள் வந்தன. ஏதோ கொலை நடந்திருக்கிறது என்றுதான் முதலில் பயந்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு அவர்கள் அந்தக் குழியை மூடவில்லை. வீட்டையே நினைவிடமாக்கி, 2005இல் ஆய்வு நிறுவனம் ஒன்றும் தொடங்கினார்கள். அரசு செய்ய வேண்டிய வேலையை ஒரு சாதாரணக் குடும்பம் தன் கூடத்தில் செய்தது. 2017இல் அங்கே ஓரளவு முழுமையான ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. இருபது வயது மதிக்கத்தக்க பெண். அடிமையாக இருந்து பின்பு புனிதராக அறிவிக்கப்பட்ட சூடான் பெண்ணின் நினைவாக, ஆய்வாளர்கள் அவளுக்குப் பகீதா என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய சொந்தப் பெயரை இனி யாரும் அறிய முடியாது.

1831 நவம்பரில், இனி பிரேசிலுக்குள் வரும் ஆப்பிரிக்கர் எல்லாரும் சுதந்திரமானவர்கள் என்று சட்டம் வந்தது. பிரிட்டன் கொடுத்த நெருக்கடியில் வந்த சட்டம். அமல்படுத்தும் எண்ணம் யாருக்கும் இல்லை. 'இங்கிலீஷ்காரன் பார்ப்பதற்காக' என்று பிரேசிலில் ஒரு சொலவடை உண்டு. ஒப்புக்குச் செய்யும் வேலையை அப்படிச் சொல்வார்கள். அது இந்தச் சட்டத்தை வைத்துப் பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வலோங்கோ சந்தை மூடியது. ஆனால் தலைநகரை விட்டு விலகிய கடற்கரைகளில் ஆட்களை இறக்குவது 1850 வரை தொடர்ந்தது. அப்படித் திருட்டுத்தனமாக வந்தவர்களும் லட்சக்கணக்கில்தான்.

1843இல் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெத்ரோவுக்கு மணமகள் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தார். நேப்பிள்ஸ் அரச குடும்பத்துத் தெரெசா கிறிஸ்தினா. அவர் காலடி வைக்க நகரம் தேர்ந்தெடுத்த இடம் வலோங்கோ. பழைய துறையின் மேல் மண்ணைக் கொட்டி, சீராகச் செதுக்கிய கருங்கல்லைப் பரப்பி, அலங்காரச் சிலைகள் வைத்து, 'பேரரசியின் துறை' என்று பெயர் சூட்டினார்கள். வலோங்கோ தெரு பேரரசியின் தெரு ஆனது. வடிவமைத்தவர் கிராண்ஷான் டி மொண்டிஞி. ஒரே குழுவில் வந்த இரண்டு கலைஞர்களில் ஒருவர் சந்தையைப் படமாக வரைந்து உலகத்துக்குக் காட்டினார். மற்றவர் அதன் மேல் கல் பரப்பினார்.

அந்தக் கல்லும் நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரியோவைப் பாரிஸ் போல ஆக்கும் ஆசையில் துறைமுகத்தை விரிவுபடுத்தினார்கள். கடலைத் தூர்த்துக் கரையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 1911இல் பேரரசியின் துறையும் மண்ணுக்குள் போய், மேலே சதுக்கமும் சாலையும் வந்தன. இப்போது அந்த இடத்துக்கும் கடலுக்கும் இடையில் சில நூறு மீட்டர் நிலம் கிடக்கிறது.

மண்ணால் மூடியதோடு முடியவில்லை. 1888 மே 13 அன்று அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த நாடு பிரேசில். குடியரசு வந்த பிறகு, 1890 டிசம்பரில் நிதியமைச்சர் ரூய் பார்போசா, அரசு அலுவலகங்களில் இருந்த அடிமைகளின் பதிவேடுகளை எரிக்க உத்தரவிட்டார். முன்னாள் எசமானர்கள் இழப்பீடு கேட்டு வந்துவிடாமல் தடுக்கத்தான் அப்படிச் செய்தார் என்று அவர் பக்க நியாயத்தைச் சொல்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தன் கொள்ளுப்பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள் என்று தேடும் பேரனுக்கு அந்த நியாயத்தால் பயனில்லை. அவனுடைய குடும்பச் சரித்திரமும் அந்தத் தீயில் போனது.

ஒலிம்பிக் போட்டிக்காக ரியோ துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. 2011இல் வடிகால் பணிக்குத் தோண்டியபோது, தேசிய அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர் தானியா அந்த்ராதே லிமா தலைமையில் அகழாய்வு செய்தார்கள். முதலில் பேரரசியின் செதுக்கிய கல். அதற்குக் கீழே பொடியன் பாதம். அடுக்கு குலையாமல் இருந்தது.

கல்லைவிட என்னை அதிகம் பிடித்திழுப்பவை கல்லிடுக்கிலும் சேற்றிலும் கிடைத்த சில்லறைப் பொருட்கள். கண்ணாடி மணிகள், புகைக்குழாய்கள், செப்பு வளையங்கள், தாயத்துகள். பியசாவா என்ற பனைவகையின் நாரில் பின்னிய மோதிரங்களும் உண்டு. துடைப்பம் கட்டுவதற்கு உதவும் முரட்டு நார் அது. கையில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. கிடைத்த நாரைப் பிரித்து, விரலுக்கு அளவு பார்த்து, யாரோ பொறுமையாகப் பின்னியிருக்கிறார்கள். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருவர் தன் விரலை அழகு பார்த்திருக்கிறார். அந்த மோதிரத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, அடிமைகள் என்று மொத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சோழிகளும் கிடைத்தன. நாம் பல்லாங்குழிக்கும் தாய ஆட்டத்துக்கும் எடுக்கும் அதே சோழி. அன்று மேற்கு ஆப்பிரிக்காவில் புழங்கிய சோழிப் பணத்தில் பெரும்பகுதி மாலத்தீவுக் கடலில் எடுத்தது. இலங்கை, வங்காளம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போய், மனிதர்களுக்கு விலையாகக் கைமாறியது. நம் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் அந்தச் சந்தையில் விலையாகப் போன சரக்குகளில் ஒன்று. தறியில் உட்கார்ந்தவருக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017 ஜூலையில் யுனெஸ்கோ வலோங்கோவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அழகுக்காகவோ கட்டடக் கலைக்காகவோ அல்ல. இங்கே நடந்ததை மனித குலம் மறக்கக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக. ஆஷ்விட்ஸ் முகாமும் ஹிரோஷிமா நினைவிடமும் பட்டியலில் இருப்பது இதே அடிப்படையில்தான்.

துறையை ஒட்டி நிற்கும் பழைய பெரிய கிடங்கையும் பார்க்க வேண்டும். 1871இல் அதைக் கட்டியவர் ஆந்த்ரே ரெபோசாஸ் என்ற கறுப்பினப் பொறியாளர். அடிமை உழைப்பு ஊரெங்கும் நடைமுறையில் இருந்த காலத்தில், தன் கட்டுமானத்தில் அதற்கு இடமில்லை என்று நின்றவர். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 'உப்புப் பாறை'. ஒரு காலத்தில் உப்பு மூட்டை சுமந்தவர்கள் ஏறி இறங்கிய படிகள் பாறையில் வெட்டியபடியே இருக்கின்றன. விடுதலைக்குப் பின் பஹியா மாநிலத்திலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் இந்தப் பேட்டையில் குடியேறின. 'குட்டி ஆப்பிரிக்கா' என்று பெயர் வந்தது. தியா சியாத்தா போன்ற பெண்களின் வீடுகளில் வழிபாடும் சமையலும் பாட்டும் கூடி நடந்தன. உலகம் இன்று பிரேசிலின் அடையாளமாகக் கொண்டாடும் சாம்பா இசை அந்தக் கூடங்களில் வளர்ந்தது. உப்புப் பாறையில் இன்றும் திங்கட்கிழமை இரவுகளில் சாம்பா பாடுகிறார்கள். ஜூலை மாதத்தில் கண்டோம்ப்ளே என்ற ஆப்பிரிக்க வேர் கொண்ட சமயத்தின் பூசாரிப் பெண்கள் வெள்ளையுடுத்தி வந்து, வாசனை நீர் ஊற்றி வலோங்கோ கற்களைக் கழுவுகிறார்கள். இறந்தவர்களுக்கு அன்று செய்யாத சடங்கைப் பேத்திகள் இப்போது செய்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளத்தில் இரண்டு தரைகளையும் ஒன்றாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். பேரரசியின் கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டு அடியில் இருப்பதை மட்டும் காட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாதது சரியான முடிவு. இறக்கியதும் சரித்திரம், மூடியதும் சரித்திரம்.

ரியோவுக்குப் போகிற தமிழர்கள் மலையுச்சி இயேசு சிலையையும் கோபகபானா கடற்கரையையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அடுத்த முறை போகிறவர்கள் வலோங்கோவுக்கும் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். திறந்தவெளிதான், சீட்டு வாங்க வேண்டியதில்லை.