கோயம்புத்தூர் தாயியின் தட்டு

கர்நாடக இசையில் ஒருவருடைய பெயர் நிலைப்பதற்கு அவருடைய குரல் மட்டும் போதுமானதாக இருந்ததில்லை. பாடாந்தரம், அதாவது குருவிடமிருந்து சீடருக்கு வாய்மொழியாக இறங்கிவரும் பாட்டின் வடிவம், எந்த வீட்டில் அறுபடாமல் தொடர்ந்ததோ அந்த வீட்டின் பெயரே நினைவில் நின்றது. சீடர் வரிசை அறுந்த இடத்தில், கேட்டவர்கள் உயிரோடு இருந்தவரை இருந்த புகழ் அவர்களோடு சேர்ந்தே போயிற்று. வீணை தனம்மாள் (1867–1938) தம் முதுமையில், 1932இல், பதிவுசெய்த இசைத்தட்டுகள் மிகச் சில. ஆயினும் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி, விஸ்வநாதன் எனப் பேரப்பிள்ளைகள் அந்த வீட்டின் இசையைப் பாடியும் ஆடியும் வாசித்தும் கற்பித்தும் வந்ததால், அந்தச் சில தட்டுகளுக்கும் உரையாசிரியர்கள் கிடைத்தார்கள். கோயம்புத்தூர் தாயியின் நிலை இதற்கு நேர்மாறானது. தட்டுகள் நிறைய, நினைவு சொற்பம்.

பழனிக்குஞ்சரம் என்ற இயற்பெயருடன் 1872இல் பிறந்து, சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1917இல் மறைந்த தாயி, கோயிற்பணியோடு இசையையும் நடனத்தையும் தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபில் வந்தவர். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கிராமபோன் கம்பெனியின் பதிவுப் பொறியாளர்கள் தென்னாட்டுக்குப் பெட்டி படுக்கையோடு வந்து பாடுபவர்களைத் தேடியபோது, துணிந்து பதிவுக் குழாயின் முன் உட்கார்ந்தவர்களுள் பெரும்பாலோர் இந்த மரபைச் சேர்ந்த பெண்களே. தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என ஊர்ப்பெயரையே முன்னெழுத்தாகக் கொண்ட அவர்களை, தென்னிந்திய ஒலிப்பதிவின் முதல் தலைமுறை என்று சொல்வது மிகையாகாது. இசை என்பது நேரில் கேட்கப்படவேண்டியது, கருவிக்குள் பாடினால் குரல் போய்விடும் என்பது போன்ற அச்சங்கள் பெரிய வித்துவான்கள் சிலரைத் தயங்கவைத்த காலத்தில், தொழிலாகப் பாடியவர்களுக்கு அந்தத் தயக்கம் கட்டுப்படியாகாத ஆடம்பரமாக இருந்திருக்கலாம்.

அந்தக் குழாயின் முன் பாடுவது எத்தகைய வேலை என்பதை அறியாமல் அந்தத் தட்டுகளைக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. 1925இல் மைக் வழியான மின் ஒலிப்பதிவு வரும்வரை, பாடுபவரின் மூச்சே ஒரு கூம்புக் குழாய்க்குள் சென்று, அதன் முனையிலிருந்த மென்தகட்டை அதிரவைத்து, அந்த அதிர்வு ஓர் ஊசியைக் கொண்டு சுழலும் மெழுகில் கோடாகக் கீறப்பட்டது. இடையில் ஒலியைப் பெருக்கும் கருவி எதுவும் கிடையாது. எனவே முகத்தைக் குழாயின் வாயருகே வைத்து, உச்சஸ்தாயியில் உரத்துப் பாடவேண்டும்; ஆனால் மேல் ஸ்வரத்தில் அடித்துப் பாடினால் ஊசி தடம் தாண்டிவிடும் என்பதால் அந்த இடத்தில் சற்றுப் பின்வாங்கவும் வேண்டும். தாழ்ந்த ஒலிகளைக் குழாய் ஏற்றுக்கொள்ளாது; ஆதலால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி, தட்டில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்கு மேல் இடமில்லை. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பழகிய தொண்டைக்கு மூன்று நிமிடங்கள் என்பது ஒரு பிடி அரிசியில் விருந்து சமைக்கச் சொல்வதற்குச் சமம். அந்த ஒரு பிடியிலும் ஆலாபனைக்கு ஓர் ஓரம் ஒதுக்கி, பல்லவியைத் தொட்டு, சில சங்கதிகளை (ஒரே வரியைப் படிப்படியாக வளர்த்துப் பாடும் மாற்றங்களை) விரைந்து உதிர்த்து, நேரம் முடிவதற்குள் பாட்டைப் பழுதின்றி இறக்கிவைக்கும் திறமை, கச்சேரித் திறமையின் சுருக்கம் அன்று. அது தனியான ஒரு கலை. தாயி அதில் தேர்ந்தவர். அவர் குரலில் பிருகாக்கள், அதாவது நொடிக்குள் உருளும் ஸ்வரக் கொத்துகள், தேய்ந்த தட்டின் இரைச்சலையும் மீறி ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளும்படி விழுகின்றன.

இத்தகைய ஒரு தட்டு எங்கே போய்ச் சேரும் என்பதை எந்தப் பதிவுப் பொறியாளரும் கணித்திருக்க முடியாது. மொரீஸ் தெலாழ் (1879–1961) என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், மொரீஸ் ரவேலின் மாணவர், 1912இல் இந்தியாவில் பயணம் செய்தார். அவர் எழுதிய ‘நான்கு இந்தியப் பாடல்கள்’ என்ற தொகுதி, 1914 ஜனவரியில் பாரிசில், ரவேல், ஸ்ட்ராவின்ஸ்கி ஆகியோரின் புதிய பாடல்களோடு ஒரே நிகழ்ச்சியில் அரங்கேறியது. அதன் நான்கு பகுதிகளும் நான்கு ஊர்ப்பெயர்களைத் தாங்கியவை. ‘மதராஸ்’ பகுதிக்குச் சொற்கள் சமஸ்கிருதக் கவிஞர் பர்த்ருஹரியுடையவை, ‘லாகூர்’ பகுதிக்கோ ஜெர்மானியக் கவிஞர் ஹைனேயுடையவை. சொல்லளவில் இந்தக் கூட்டு சற்று வேடிக்கையானதுதான். ஆனால் ‘லாகூர்’ பகுதியில் செல்லோ வாத்தியம் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் விதத்தில், சிதார் மேதை இம்தாத் கானின் தட்டொன்றின் தடத்தை இசையறிஞர்கள் இனங்கண்டுள்ளனர். அதாவது தெலாழ் கேட்டுவந்தது வெறும் கீழ்த்திசை மணம் அன்று. குறிப்பிட்ட ஒரு கலைஞரின் குறிப்பிட்ட கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் விதம்.

தாயியின் தட்டைப் பொறுத்தவரை தெலாழ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1912க்கும் 1922க்கும் இடையில் உருவான ‘ராகமாலிகா’ என்ற அவருடைய படைப்பு, ‘தமிழ்ப் பாடல்’ என்ற துணைத்தலைப்போடு வெளிவந்தது. தாயி பாடிய தட்டொன்றைப் பெரும்பாலும் அப்படியே மேலை இசைக் குறியீட்டில் பெயர்த்தெழுதியதே அது. ராகமாலிகை என்பது ஒரே பாடலின் பகுதிகள் அடுத்தடுத்து வெவ்வேறு ராகங்களில் அமைவது. மேலைச் செவிக்கு, அடிச்சுருதி அசையாமல் நிற்க, அதன் மேலே ஸ்வரங்களின் குடும்பமே மாறிக்கொண்டிருப்பது புதிய செய்தி. அந்தப் படைப்பில் ஓர் இடத்தில் தெலாழ் கொடுத்திருக்கும் அறிவுறுத்தல் கவனத்துக்குரியது: பியானோவின் தாழ்ந்த ஸ்வரங்களுள் ஒன்றான பி ஃப்ளாட்டின் தந்திகளுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி அதன் கார்வையை மழுக்கவேண்டும், அப்போது அந்த ஸ்வரம் இந்தியத் தாளக்கருவியைப் போல அடங்கி ஒலிக்கும். பியானோவின் உள்ளே பொருள்களைச் செருகி அதன் நாதத்தை மாற்றும் உத்தி, 1940ஐ ஒட்டி அமெரிக்கரான ஜான் கேஜின் கையில் பெரும்புகழ் பெற்றது. அதன் மிகத் தொடக்கக் கால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர்கள் இந்த அட்டைத் துண்டைக் குறிப்பிடுகின்றனர். பதிவுக் குழாய் ஏற்க மறுத்த அதே தாழ்ந்த ஒலியை ஒருவர் பியானோவில் அட்டை செருகி மீட்க முயன்றார் என்பது, கேட்பவர் தட்டுக்கு ஆற்றக்கூடிய கைம்மாறுகளுள் மிக நுட்பமானது.

தெலாழைப் போற்றுவதில் ஓர் எல்லை உண்டு. அவர் படைப்பில் தாயியின் பாட்டு இருக்கிறது, தாயி இல்லை. பாடும் பெண்ணின் மனோதர்மம், அதாவது அந்தந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கும் கற்பனை, ஒருமுறை நிகழ்ந்த வடிவிலேயே தாளில் உறைந்துவிடுகிறது. அதைவிட உறுத்துவது, தாயியின் பெயர் இன்று ஆய்வுநூல்களில் வரும்போது பெரும்பாலும் பிரெஞ்சு இசையின் அடிக்குறிப்பாகவே வருகிறது என்பது. பாரிசின் சான்றிதழ் இல்லாமலே மதிக்கத்தக்க குரல் அது.

மறதிக்குக் காரணங்கள் பல. மின் ஒலிப்பதிவு வந்ததும் பழைய குழாய்ப் பதிவுகள் ஒரே நாளில் கிழடாகத் தோன்றின. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதெமி தோன்றி, சபாக் கச்சேரியின் மரியாதையும் இலக்கணமும் உறுதிப்பட்ட காலத்தில், தேவதாசி மரபின் மீதான சமூகக் கண்டனமும் வலுத்து, 1947இல் பொட்டுக் கட்டுதலை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் சடங்கை, தடைசெய்யும் சட்டமாக முடிந்தது. அந்தச் சட்டம் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து வழக்கத்துக்குள் வாழ்ந்தவர்களின் கலைக்கணக்கையும் மூடிவிட்டது அக்காலத்து நாகரிகம். பாட்டி பாடிய தட்டு வீட்டில் இருப்பதே பேரப்பிள்ளைகளுக்குச் சங்கடமாயிற்று. தட்டுகள் பரணுக்கும், பரணிலிருந்து பழைய சாமான் கடைக்கும் போயின. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகும்வரை, அங்கே பழைய புத்தகங்களோடு அத்தகைய தட்டுகளும் குவிந்து கிடந்தன. எடை பார்த்து வாங்கியவர்களுக்கு நடுவே பெயர் பார்த்து வாங்கிய சிலரால்தான் இன்று மிஞ்சியது மிஞ்சியிருக்கிறது. கிராமபோன் கம்பெனியின் இந்தியப் பதிவுகளை எண் வாரியாகப் பட்டியலிட்டு நூலாக்கிய மைக்கேல் கின்னியர் ஆஸ்திரேலியர்; அந்த வேலையை நாம் ஏன் முதலில் செய்யவில்லை என்ற கேள்வி அவருடைய பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் எழுகிறது.

கிடைத்த தட்டை ஒலிக்கவைப்பதும் எளிதன்று. இத்தட்டுகளுக்கு வழங்கும் ‘78’ என்ற பெயர் சுழற்சி எண்ணைக் குறிக்கும் வழக்குச் சொல்லே தவிர, தொடக்கக் காலத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும்படி பதிவானவை அல்ல. நிமிடத்துக்கு 73 அல்லது 74 சுற்றில் பதிவானதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் உயர்ந்து, முப்பத்தைந்து வயதுப் பெண் சிறுமியாகிவிடுகிறாள், பிருகாவும் இல்லாத வேகத்தைப் பெறுகிறது. தாயியின் தட்டைக் கேட்டவர் சொல்லும் வியப்பில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு மோட்டாருடையது என்பதைப் பிரித்தறியாத புகழ்ச்சி, அவருக்குப் பயன்படாது.

எனவே வீட்டுப் பரணில் கறுப்புத் தட்டுகள் கட்டாகக் கிடப்பதைக் காண்பவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளவேண்டும். அவை அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து, கோட்டோடு குரலும் போய்விடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழேயுள்ளது விரிசல் விடும். புத்தகம்போல் நிறுத்திவைப்பதே முறை. எல்.பி. தட்டுக்குரிய ஊசியை அவற்றின்மேல் வைக்கக்கூடாது. தட்டின் நடுவே ஒட்டிய சிட்டையிலுள்ள பெயரையும், அதற்கு வெளியே வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதிவைத்துக்கொண்டு, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவித்த பிறகு, அந்தத் தட்டை விற்பதா வைத்திருப்பதா என்று முடிவுசெய்யலாம்.