கொழுப்பு ஏறிப்போச்சு

எங்கள் பக்கத்தில் ‘கொழுப்பு’ என்பது உடம்புக்குள் இருக்கிற சமாச்சாரம் அல்ல. கூலி நெல்லு ஒரு மரக்கா சேர்த்துக் கேட்டால், “காலனிக்காரனுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு” என்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டால் கொழுப்பு. ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனால் கொழுப்பு. எங்க நைனா இந்த வார்த்தையை வாங்காத வருஷம் கிடையாது. அவருடைய விலா எலும்பைத் தூரத்தில் நின்றே எண்ணிவிடலாம்.

எனக்கு 54 வயசில் நிஜமாகவே ஏறிவிட்டது. செஞ்சியில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 268. கெட்டது என்று சொல்கிற எல்.டி.எல். 182, நல்லது என்று சொல்கிற எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 260.

சீட்டைப் பார்த்த தனியார் டாக்டர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

“ஊரா, காலனியா?”

“காலனிங்க.”

“மொதல்ல மாட்டுக்கறிய நிறுத்துங்க. உங்க ஆளுங்களுக்கு அதான் பிரச்சன.”

நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாட்டுக்கறி மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை. தினப்படிக்கு மூணு வேளையும் அரிசி, ஆபீசில் பதினோரு மணிக்கு வடை, நாலு மணிக்கு போண்டா, சர்க்கரை போட்ட டீ அஞ்சு, எட்டு மணி நேரம் நாற்காலி. எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நான்.

டாக்டர் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் ஈரலேதான் செய்கிறது. ரத்தத்தில் சுற்றுகிற எல்.டி.எல்.லைத் திரும்ப இழுத்துக்கொள்வதும் அதே ஈரல்தான். நிறைவுற்ற கொழுப்பு நிறைய உள்ளே போனால் அந்த இழுவை குறைந்துபோகிறது. மிஞ்சுவது ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. மாட்டுக் கொழுப்பில் பாதி இந்த நிறைவுற்ற வகைதான். ஆனால் நெய்யில் அது அறுபது சதவீதத்துக்கும் மேல்! ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் இதே சீட்டோடு போயிருந்தால், “மொதல்ல நெய்ய நிறுத்துங்க, உங்க ஆளுங்களுக்கு அதான் பிரச்சன” என்று சொல்லியிருப்பாரா?

நெய் நமக்கு எட்டாத பொருளாக இருந்ததும் தற்செயல் இல்லை. ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் நடந்ததை அம்பேத்கர் 1936-ல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் எழுதியிருக்கிறார். யாத்திரை போய்வந்த தீண்டத்தகாதவர் ஒருவர் தன் சனங்களுக்கு விருந்து வைத்து, நெய்ப் பதார்த்தம் பரிமாறினார். சாதி இந்துக்கள் நூற்றுக்கணக்கில் தடியோடு வந்து விருந்தை நாசமாக்கி, சாப்பிட்டவர்களை அடித்தார்கள். நெய் தின்றால் அடி, மாடு தின்றால் அருவருப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது. 81 பேரும் காலனிக்காரர்களா?

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். மாத்திரைக்கு முன்னால் ஆறு மாசம் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். வடையும் போண்டாவும் போயின. டீ ரெண்டு, சர்க்கரை இல்லாமல். ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களியோ கம்பு அடையோ, அதுவும் அளவாக. காராமணி, மொச்சை, வெண்டைக்காய், கொய்யா தினமும் ஏதாவது ஒன்று. இவற்றில் கரையும் நார் இருக்கிறது. ஈரல் கொலஸ்ட்ராலைக் கொண்டு பித்தநீர் செய்து குடலுக்கு அனுப்புகிறது. இந்த நார் அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடும். புதுசாகப் பித்தநீர் செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். மாட்டுக்கறி நிற்கவில்லை. சதையாகக் கேட்டு வாங்குகிறோம். கொழுப்பை அரிந்து எடுத்துவிட்டு மல்லாட்டை எண்ணெயில் வதக்குகிறோம்.

விடியற்காலை நடக்கக் கிளம்பினபோது அம்மா சிரித்தது. “நடக்கறதுக்குன்னு ஒரு நேரமாடா? நாத்து நடப் போன காலத்துல எனுக்கு எந்த டாக்டர்டா நடக்கச் சொன்னாரு?”

கோட்டைப் பக்கம்தான் நடை, முக்கால் மணி நேரம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். நாலாவதாகச் சின்னதாக ஒன்று இருக்கிறது. பழைய குறிப்புகளில் அதற்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். அதன் உச்சியிலும் கோட்டைச் சுவர் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்று பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து போனது செஞ்சி ஒன்றுதான். அதற்குப் பிறகும் வெளியூர்க்காரர் யாரும் என்னிடம் அந்த நாலாவது மலைக்கு வழி கேட்டதில்லை. கோட்டைக்குள்ளே இருக்கிற பிரம்மாண்டமான நெற்களஞ்சியத்தைக் கேட்கிறார்கள். அதை நிரப்பினவர்கள் ராத்திரி என்ன தின்றார்கள் என்பதற்குப் பலகை வைக்கவில்லை.

ஆறு மாசத்தில் ஏழு கிலோ இறங்கினேன். எல்.டி.எல். 144, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 160, மொத்தம் 214.

இதை வைத்துக்கொண்டு ‘நம் முன்னோர் உணவே மருந்து’ என்று சில தோழர்கள் பேசக் கிளம்பும்போது எனக்குக் கோபம் வருகிறது. கூழ் நாங்கள் தேர்ந்தெடுத்த சாப்பாடு இல்லை. நெல்லுச்சோறு கிடைக்காததால் குடித்தது. நைனா வாழ்நாள் முழுக்கக் கூழ் குடித்தவர், கழனியில் வேலை செய்தவர். 1989-ல் 51-வது வயசில் மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் விழுந்தார். முனி அடித்துவிட்டது என்று சேரியில் பேசிக்கொண்டார்கள். பீடி பிடிப்பார். அவர் ரத்தத்தை ஒருத்தரும் ஒருநாளும் சோதித்தது கிடையாது.

அப்பாவுக்கு 55-க்குள் மாரடைப்பு என்றால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. பையனுக்கு 24 வயசு, ஒல்லி, தினமும் பந்தாடுகிறவன். அவனுக்கு எல்.டி.எல். 196. மூணு மாசம் என்னோடு காராமணி தின்றான், 178-க்கு மேல் இறங்கவில்லை. இது பரம்பரையாக வருகிற வகையாக இருக்கலாம், இதற்கு மாத்திரை வேண்டும் என்று அட்டோர்வாஸ்டாடின் எழுதினார். ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. “இந்த வயசுல மாத்திரையா, நாட்டுப்பொடி இருக்கு” என்று சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். எனக்கு மச்சான் முறை ஒருவர் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார். இப்படி ஒரு பொடியை நம்பி மாத்திரையை விட்டவருக்கு எட்டு மாசத்தில் ரெண்டாவது அடைப்பு வந்தது. பையன் ராத்திரி மாத்திரை போட்டுவிட்டுத்தான் படுக்கிறான்.

மிச்சம் இருப்பது எண்ணெய். ரேஷனில் 2007-லிருந்து பாமாயில் தருகிறார்கள். அதிலும் பாதி நிறைவுற்ற கொழுப்பு. மல்லாட்டை எண்ணெயில் அது அஞ்சில் ஒரு பங்குதான். செஞ்சியைச் சுற்றி மல்லாட்டை விளைகிறது. செடி பிடுங்கி, காய் ஆய்கிற பொம்பளைகள் நம் பொம்பளைகள். அவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தாளிப்பது கப்பலில் வந்த பாமாயிலில். எனக்குச் சம்பளம் இருக்கிறது, செக்கில் வாங்கிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் முடியாது. ரேஷனில் மல்லாட்டை எண்ணெய் வேண்டும், நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-ல் தொடங்கின மாதிரி இங்கேயும் கேழ்வரகு வேண்டும் என்று காலனியில் 63 பேரிடம் கையெழுத்து வாங்கி, கிராம சபையில் கொடுத்தோம். மனுவை வாங்கியவர் ரெண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, “எண்ணெய்க்கெல்லாமா மனு?” என்றார். ரசீது கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.