அந்த எண்ணை நான் நீக்கவில்லை

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் நிர்வாக அலுவலராக இருந்தேன். பிள்ளைகளின் கழுத்தில் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டையைத் தொங்கவிட்டது என் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டால் ஒரு தாய் பள்ளி வாசலிலேயே அடி வாங்கினார். அவர் என்னிடம் வந்து கேட்டபோது பொய் சொல்லி அனுப்பினேன். தாளாளரிடமும் சொல்லவில்லை, என் வீட்டிலும் சொல்லவில்லை. இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன்.

அந்த அட்டை பார்ப்பதற்குச் சாதாரண ஐடி கார்டுதான். உள்ளே ஒரு சின்னச் சில்லும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். பேட்டரி கிடையாது. வாசலில் மாட்டியிருக்கும் ரீடரிலிருந்து வரும் ரேடியோ அலையே அதற்குச் சக்தி கொடுக்கும். அட்டை தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பிள்ளை வந்ததும் போனதும் பெற்றோரின் கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். போகும். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் ஓடும் இந்த வகை அட்டையைச் சில மீட்டர் தூரத்திலிருந்தே படித்துவிடலாம். “எங்கயும் தட்ட வேண்டாம் மேடம், பிள்ளைங்க நடந்து போனாலே போதும்” என்றார் விற்க வந்த இளைஞர். எனக்கு அது பெரிய வசதியாகத் தெரிந்தது. தன்னை ஒரு கருவி எப்போது படிக்கிறது, எப்போது படிக்கவில்லை என்று பிள்ளைக்கே தெரியாது என்பது அந்த வசதிக்குள்ளேயே இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

ஏன் வாங்கினோம்? பயம்தான். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன்பிறகு எங்கள் ஊர் வரை பெற்றோர் கலங்கிப்போயிருந்தார்கள். “பஸ் ஏறிட்டாளா, இறங்கிட்டாளா” என்று அலுவலகத்துக்கு ஓயாமல் போன் வரும். அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்க வேண்டியது ஒரு நல்ல பலகையும் ஒழுங்கான தகுதிச் சான்று சோதனையும். எந்த அட்டையும் அல்ல. ஆனால் பயந்தவர்களுக்குக் கையில் கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. பக்கத்துப் பள்ளி சேர்க்கை பிளெக்ஸில் ‘எஸ்.எம்.எஸ். வசதி’ என்று போட்டுவிட்டது வேறு. அந்த இளைஞர் காட்டிய படங்களில் அமெரிக்காவின் சான் ஆன்டோனியோ நகரப் பள்ளியும் இருந்தது. அங்கே 2012இல் இரண்டு பள்ளிகளில் ஏறத்தாழ 4,200 மாணவர்களுக்கு அட்டை மாட்டினார்கள். வருகைப் பதிவைப் பொறுத்து அரசுப் பணம் வரும் என்பதே முக்கியக் காரணம். எதிர்ப்பு, வழக்கு என்று போய் 2013இல் கைவிட்டும் விட்டார்கள். கைவிட்டதை அவர் சொல்லவில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை. பதிவுகள் எந்த ஊர் சர்வரில் கிடக்கும், யார் யார் பார்ப்பார்கள், பிள்ளை டி.சி. வாங்கிப் போனபின் அழிப்பார்களா என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒப்பந்தத்தைத் தாளாளர் கையெழுத்துக்கு வைத்தேன்.

சம்மதப் படிவத்தை எழுதியதும் நான்தான். ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. சம்மதமில்லை என்று சொல்ல அதில் இடமே வைக்கவில்லை. அட்டைக்கான தொகையைப் பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்துவிட்டோம். தந்தையின் கைபேசி எண் கட்டாயம் என்றும், தாயின் எண் விருப்பமிருந்தால் என்றும் அச்சடித்தேன். நானும் ஒரு தாய். அப்படி அச்சடித்தபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா ஒருநாள் என் அறைக்கு வந்தார். கணவரின் வீட்டை விட்டு வந்துவிட்டதாகவும், மகளோடு அண்ணன் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். நாற்காலியில் உட்காரவில்லை. “அவரோட நம்பர மட்டும் எடுத்துருங்க மேடம். பாப்பா எப்ப வர்றா, எப்ப போறான்னு அவருக்கு மெசேஜ் போகக் கூடாதுங்க.” அவர் புடவைத் தலைப்பை முழங்கை வரை இழுத்துவிட்டிருந்தார். அந்த முழங்கையில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, “அப்பா எண்ணை நாங்களா எடுக்க முடியாதும்மா. கோர்ட் ஆர்டர் இருந்தா கொண்டு வாங்க” என்றேன்.

அப்படி ஒரு விதி எங்கள் பள்ளியில் எழுதப்படவே இல்லை. அவருடைய கணவர் ஊரில் கொஞ்சம் செல்வாக்கானவர். பள்ளி ஆண்டு விழாவுக்கு நன்கொடை கொடுப்பவர். அவர் வந்து சத்தம் போட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அந்த விதியை அந்த நிமிடத்தில் உண்டாக்கினேன்.

அந்த அம்மா தன்னால் ஆனதைச் செய்தார். வகுப்பு ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, கடைசி மணிக்கு முன்னாலேயே பின்வாசல் வழியாகப் பெண்ணை அழைத்துப்போக ஆரம்பித்தார். பின்வாசலிலும் ரீடர் இருந்தது. ‘தங்கள் மகள் மாலை 3.40க்குப் பின்வாசல் வழியாக வெளியேறினார்’ என்று தகப்பனுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. சில நாள் பார்த்தவருக்கு வாசலும் நேரமும் பிடிபட்டுவிட்டன. ஒருநாள் வந்து நின்றார். பெண்ணின் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தார். தடுக்கப்போன மனைவியைப் பிள்ளைகள் பார்க்க முகத்தில் அறைந்தார். வாட்ச்மேனும் பஸ் டிரைவர்களும் ஓடிவந்து பிரித்துவிட்டார்கள்.

மறுநாள் அந்த அம்மா வீங்கிய கன்னத்தோடு என் முன்னால் நின்றார். “பின்வாசல்ல வர்றது அவருக்கு எப்படிங்க மேடம் தெரிஞ்சுது?” என்று கேட்டார். முந்தின நாள் மாலையே அந்தப் பிள்ளையின் பதிவைத் திறந்து பார்த்திருந்தேன். வரிசையாக எல்லாம் இருந்தது. “தெரியலையேம்மா. உங்க சொந்தக்காரங்க யாராச்சும் சொல்லியிருப்பாங்க” என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அண்ணிதான் சொல்லியிருக்கும்” என்றார். நான் மறுக்கவில்லை. தங்க இடம் கொடுத்த அண்ணியின் மேல் அந்தச் சந்தேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் போனதும் கணினியில் அந்த எண்ணை நீக்கினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எந்த நீதிமன்ற உத்தரவும் தேவைப்படவில்லை. ஆண்டுக் கடைசியில் பெண்ணுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்னாளில் ஒரு செய்தி படித்தேன். சுவீடனில் ஷெல்லெஃப்டியோ என்ற ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளி 22 மாணவர்களின் வருகையை முக அடையாளக் கேமரா வைத்துப் பதிவு செய்து பார்த்தது. சில வாரச் சோதனைதான். 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2 லட்சம் குரோனா அபராதம் போட்டது. எல்லோரும் சம்மதித்தார்களே என்று பள்ளி சொன்னதை அமைப்பு ஏற்கவில்லை. பள்ளிக்குக் கட்டுப்பட்ட மாணவர் பள்ளிக்குக் கொடுக்கும் சம்மதம் மனமுவந்த சம்மதம் ஆகாது என்றது. அதைப் படித்தபோது நான் எழுதிய படிவம்தான் கண்முன் வந்தது.

நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்விப் பணிக்காகவும் குழந்தையின் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கும் கல்வி நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்குத் தருகின்றன. எனக்கு இதுதான் கவலை. நான் அட்டை வாங்கியதும் பாதுகாப்பு என்று சொல்லித்தான். அந்தத் தகப்பனுக்கு வாசலையும் நேரத்தையும் சொன்னதும் அதே பாதுகாப்பு ஏற்பாடுதான். பெற்றோரின் சம்மதம் என்கிறார்களே, வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவர் தப்ப வேண்டியிருந்தால் எந்தப் பெற்றோரின் சம்மதம்?

பள்ளி அதே அட்டையைத்தான் இன்னும் பயன்படுத்துகிறது. இந்த ஆண்டு சேர்க்கைக்கு முன் இப்போதைய நிர்வாக அலுவலருக்கு எழுதினேன். தாய் கேட்டால் தந்தையின் எண்ணையும், தந்தை கேட்டால் தாயின் எண்ணையும் அன்றே நிறுத்தி வைத்துவிட்டு அப்புறம் விசாரியுங்கள் என்றேன். அட்டை வேண்டாம் என்பவருக்குப் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள் என்றேன். பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பதிவை அழிக்கச் சொன்னேன். தாயின் எண்ணையும் கட்டாயமாக்கிவிட்டதாகப் பதில் வந்தது. நான் கேட்ட மூன்றையும் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். பழைய முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அண்ணன் வீட்டு முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் நேரில் போய், அண்ணியையும் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.