இரண்டு டயரும் நான்கு டயரும்

கஞ்சத்தனத்தைச் சிக்கனம் என்று அழைக்கும் பழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பரில், மகளின் இரண்டாம் பேற்றுக்காக நாமும் துணைவியாரும் கனடா சென்றபோது அந்தப் பழக்கத்தையும் பெட்டியோடு கொண்டு போயிருந்தோம்.

மகள் வாழும் பாரி, டொராண்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில், சிம்கோ ஏரிக்கரையில் அமைந்த நகரம். அதன் வடமேற்கே ஜார்ஜியன் விரிகுடா பரந்து கிடக்கிறது. இன்னும் உறையாத அந்த நீர்ப்பரப்பின்மீது கடுங்குளிர்க் காற்று கடந்து வரும்போது ஈரத்தை அள்ளி வந்து கரையோர ஊர்களில் வெண்பனியாகக் கொட்டிவிடும். நல்ல வெயிலில் புறப்பட்டவர், பத்துக் கல் தொலைவு போவதற்குள் முன்னே செல்லும் வண்டியும் கண்ணுக்குத் தெரியாமல் திகைப்பது அங்கே புதுமையன்று. மருமகன் நாள்தோறும் அந்த 400-ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் பணிக்குச் சென்று திரும்பவேண்டும்.

நாம் போய்ச் சேர்ந்த மறுவாரம் அவர் டயர்க் கடைக்குப் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம். வண்டியில் இருந்தவை எல்லாப் பருவத்துக்கும் ஏற்றவை என்று விற்கப்படும் டயர்கள். பார்வைக்குப் புதியவையாகவே தெரிந்தன. “பட்டன் சிறிதும் தேயவில்லையே, எதற்காக மாற்றுகிறீர்கள்?” என்றோம்.

கடைக்காரர் முதியவர். பொறுமையாக விளக்கினார். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடுகிறதாம். குளிர்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மென்மை குன்றாதபடி வேறு கலவையில் செய்யப்படுவது. அதன் ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியதுபோல் எத்தனையோ மெல்லிய வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் விளிம்புகளே பனியைப் பற்றிக்கொள்கின்றன. டயரின் பக்கவாட்டில் மூன்று முகடு கொண்ட ஒரு மலையும், அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். சோதனையில் தேறிய டயருக்கு மட்டுமே தரப்படும் அந்த முத்திரை 1999-இல் வந்ததாம். ‘எம்’, ‘எஸ்’ என்னும் இரண்டெழுத்து மட்டும் பொறித்தவை சேற்றுக்கும் பனிக்கும் உரியவை என்று சொல்லிக்கொள்பவையே தவிர, அவ்வாறு சோதிக்கப்பட்டவை அல்ல. டயர் வாங்கப் போகிறவர் இந்த ஒன்றையேனும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

எல்லாம் கேட்டபின் விலையைக் கேட்டோம். பூட்டுக்கூலியோடு டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 டாலர். வெளிநாடு போகும் நம்மவர்க்கு உள்ள நோய், எதையும் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. பெருக்கினோம்; தலை சுற்றியது. “மாப்பிள்ளை, இந்த வண்டியை இழுப்பவை முன் சக்கரங்கள்தாமே? பின்னவை சும்மா உருண்டு வருபவை. முன்னுக்கு இரண்டு வாங்கினால் போதாதா?” என்றோம். நம் வாழ்நாளில் ஒரு மணி நேரமும் பனியில் வண்டி ஓட்டியறியாத நாம், பனியிலேயே நரைத்த அந்த மனிதரின் முன் நின்று சொன்ன வார்த்தை இது! அவர் தலையை அசைத்து மறுத்தார். நான்காயின் பூட்டுவேன், இரண்டாயின் வேறு கடை பாருங்கள் என்றார். மருமகனுக்கும் அவர் பக்கமே மனம். ஆயினும் மாமனார் சொல்லைத் தட்ட அவருக்கு நா எழவில்லை. வேறொரு கடையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டை மட்டும் பூட்டித் தந்தார்கள். எதற்குக் கையெழுத்து என்று அன்று நாம் கேட்கவில்லை.

பக்கத்து மாநிலமான கியூபெக்கில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் அப்படிக் கட்டாயமில்லை. போடுகிறவருக்கு 2016 முதல் காப்பீட்டுக் கட்டணத்தில் சிறு தள்ளுபடி உண்டு, அவ்வளவே.

டிசம்பரில் பேரன் பிறந்தான். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஆறு வயதுப் பேத்தியைக் குர்ஆன் வகுப்பிலிருந்து அழைத்துவர மருமகனோடு நாமும் சென்றோம். திரும்பும்போது பனி தூறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையை விட்டுக் கீழிறங்கும் வளைவில் மருமகன் மெதுவாகத்தான் பிரேக்கை மிதித்தார். முன்பக்கம் பற்றி நின்றது. பின்பக்கம் நிற்கவில்லை. யாரோ வாலைப் பிடித்துச் சுழற்றியதுபோல் வண்டி திரும்பிற்று. கண்ணாடியில் சாலை ஓடி மறைந்து, மரங்கள் ஓடி மறைந்து, நாம் வந்த வழியே நம் எதிரில் நின்றது. ஓரத்துப் பனிமேட்டில் பின்புறம் புதைந்து வண்டி அடங்கிற்று. எதிரில் ஒரு லாரி விளக்கெரிய இறங்கி வந்து, ஓரமாக ஒதுங்கிக் கடந்து போயிற்று.

யாருக்கும் ஒரு கீறலும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். “நன்னா, வண்டி ஏன் சுற்றியது?” என்று பின்னிருக்கையிலிருந்து குழந்தை கேட்டாள். மருமகன் நம் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

நம் கணக்கில் பிழை எங்கே என்பது பிறகுதான் விளங்கியது. இழுப்பது முன் சக்கரம் என்பது உண்மை. ஆனால் வண்டியைச் சாலையில் நேராக வைத்திருப்பது நான்கு சக்கரமும் சேர்ந்தே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். முன்னிரண்டு மட்டும் பற்றி, பின்னிரண்டு வழுக்கினால், பின்பாதி முன்பாதியை முந்தப் பார்க்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் விலையுயர்ந்த வண்டி வைத்திருப்போருக்கும் இத்தகைய மயக்கம் ஒன்று உண்டு. அது புறப்படத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, பிடிப்பது டயரே.

திங்கட்கிழமை அந்த முதியவரின் கடைக்கே போனோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற இரண்டையும் பூட்டினார். சங்கிலி வாங்கலாமா என்று நாமே கேட்டோம். அச்சம் நம்மைத் தாராளமாக்கியிருந்தது. அவர் சிரித்தார். அது மலைப்பாதைக்கு உரியது, தூர்வாரிய நெடுஞ்சாலைக்கு அன்று. பூட்டினால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது என்றார். அந்தச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் சேற்றிலும் பனியிலும் வழுக்காதிருக்க வண்டிக்காரர்கள் டயரில் கயிற்றைச் சுற்றுவதைக் கண்ட ஹாரி வீட் என்பவர், 1904-இல் இரும்புச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். பனிக்கென்றே தனி டயரை 1934-இல் பின்லாந்து நாட்டவர் லாரிகளுக்காகச் செய்தார்கள்.

கயிறு சுற்றும் செய்தியைப் படித்தபோது நம் ஊர் வயல்வரப்பு நினைவுக்கு வந்தது. நெல் ஏற்றிய வண்டி உளையில் இறங்கினால் வைக்கோலையும் தென்னை மட்டையையும் சக்கரத்தடியில் திணிப்பார்கள். அந்த அறிவு ஏப்ரலில் பயன்பட்டது. தள்ளிப்போட்டிருந்த அகீகாவுக்கு ஆடு வாங்க ஒரு பண்ணைக்குச் சென்றோம். பனி உருகும் அந்தப் பருவத்தில் மேல்மண் குழைந்துவிடும். அடியில் மண் இன்னும் உறைந்திருப்பதால் நீர் வடியாது. சாலை கெடாதிருக்க லாரிகளின் சுமையைக்கூடக் குறைத்துவிடுகிறார்கள். நம் வண்டி பண்ணைப் பாதையில் புதைந்தது. மருமகன் மேலும் மேலும் அழுத்த, சக்கரம் சுழன்று தனக்கே குழி தோண்டிக்கொண்டது. இறங்கிப் பார்த்தோம். பனியில் நம்மைக் காத்த அந்த மெல்லிய வெட்டுகளெல்லாம் களிமண் அப்பி வழவழவென்றிருந்தன.

“நிறுத்துங்கள் மாப்பிள்ளை, அழுத்தாதீர்கள்!” என்று இறங்கி, காலடி விரிப்புகளை உருவிச் சக்கரத்தின் முன் திணித்தோம். பண்ணைக்காரரும் பல் வைத்த இரண்டு பலகைகளோடு வந்தார். மெல்ல ஏறிற்று. அவருடைய வண்டியில் பெரும் பட்டன்களும் அகன்ற பள்ளங்களும் கொண்ட சேற்று டயர். சுழலும்போதே சேற்றை உதறி எறிவது. இதையே பனிக்கும் வைத்துக்கொள்ளலாமே என்றோம். பனிக்கட்டியில் இது கல்லைப்போல் வழுக்கும் என்று சொல்லி, கொட்டகையில் அடுக்கியிருந்த நான்கு குளிர்கால டயர்களைக் காட்டினார். நான்கு!

அன்று முதல் மருமகனின் டிக்கியில் ஒரு சிறு மண்வெட்டி, ஒரு பை மணல், இரண்டு பலகை இருக்கின்றன.

2022 நவம்பரில் அவர் தொலைபேசியில் அழைத்தார். முன் டயர் இரண்டும் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டனவாம். பனிக்கு அது போதாது. பின்னவை இன்னும் சற்று மேலே இருக்கின்றன. “என்ன செய்யலாம் மாமா?” என்றார். அந்த முதியவர் கடையில் இருக்கிறாரா என்று கேட்டோம். இருக்கிறார் என்றார். அவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, பேத்தியைக் கூப்பிடச் சொன்னோம்.